புது வர்ணமும் பழைய சேறும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 16:1–13





கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, நம் வாலிபச் சகோதரர் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தது. உதைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், நான்கைந்து பேர் சேர்ந்து தள்ளியும் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் சிரித்துவிட்டு, தேநீர்க் கோப்பையுடன் வேப்பமர நிழலில் நின்றுகொண்டோம். அங்கே ஆரம்பித்தது அந்தப் பேச்சு: நம்மை அதிகமாக ஏமாற்றிய வாகனம் எது?

ஒரு சகோதரி, திருமணமான புதிதில் கணவர் வாங்கிவந்த பழைய ஸ்கூட்டரைப் பட்டுச்சேலையோடு மேடவாக்கம் கூட்டுச்சாலை வரைக்கும் தள்ளிவந்த கதையைச் சொன்னார். கணவர் பக்கத்திலேயே நின்று தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர், மேம்பாலம் ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்கும் தம்முடைய வண்டியைப் பற்றிச் சொன்னார்.

நம் மூத்த சகோதரர் ஒருவர் சொன்னது வரலாறு. தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. 1960களில் அவர்கள் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றைக்கும் பாசத்தோடு நினைவுகூருகிறவர்கள் உண்டு. அதே நிறுவனம் 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை வெளியிட்டது. அதன் உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்ற புகழ்பெற்ற காரின் உடல். 1976-ல் அறிமுகமாகி, அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது அது. அம்பாசிடரையும் பத்மினியையும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த நீண்ட, தாழ்ந்த, வழவழப்பான உருவம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆனால் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது வேறு. இங்கிலாந்தில் அந்தக் கார் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு அறிமுகமானது. இங்கே அதற்குள் வைத்ததோ, 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினைத் திருத்தியமைத்த ஒன்று. தோற்றத்துக்கேற்ற வேகம் இல்லை. விலையோ மிக அதிகம். பெட்ரோலையும் நிறையக் குடித்தது. மூன்று ஆண்டுகளில், 1988-ல், உற்பத்தி நின்றுபோனது. ஆலையும் மூடப்பட்டது.

“பார்க்கிறதுக்கு ராஜா பாஸ்டர், உள்ளே கிழவன்,” என்று அவர் முடித்தார். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு என்னைக் கேட்டீர்கள். நான் 2016-ல் வாங்கிய பழைய காரைப் பற்றிச் சொன்னேன். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று தெரியாமல் ஏமாந்த கதை அது. மழை பெய்தால் தானாகவே ஒலியெழுப்பும் ஹாரனைப் பற்றியும், கல்லறைத் தோட்டத்தில் அடக்க ஆராதனை நடக்கும்போது யாரும் தொடாமலே ஓடத் தொடங்கிய வைப்பரைப் பற்றியும் நான் நடித்தே காண்பித்தேன். உங்களில் சிலருக்குக் கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரிப்பு.

பிரியமானவர்களே, நான் சொன்னது பாதிக் கதைதான். வீட்டுக்கு நடந்துபோகிறபோதே அது என் மனதை உறுத்திற்று. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததற்கும் பரிதாபப்பட்டதற்கும் நான் பாத்திரனல்ல. மறுபாதியை இந்த வாரம் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தன் இடத்தைத் திரும்பக் கேட்டதுபோல, வேளச்சேரியும் முடிச்சூரும் தண்ணீருக்குள் கிடந்தன. எத்தனையோ கார்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அவற்றில் பல பிறகு கழுவப்பட்டு, காயவைக்கப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு மறுபடியும் சந்தைக்கு வந்தன. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் வாங்கினேன். வண்டிக்குள் நல்ல வாசனை அடித்தது. அந்த வாசனை எதை மறைக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்களில் தொல்லைகள் தொடங்கின. மாம்பாக்கம் சாலையில் ஒரு மெக்கானிக் தம்பி பின்சீட்டைக் கழற்றி, கீழே விரித்திருந்த கார்பெட்டைத் தூக்கினார். சீட்டின் தண்டவாளங்கள் துருவேறியிருந்தன. வயர்களின் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஓடுபோல் வெடித்துக் கிடந்தது. பிறகு சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துக் காட்டினார். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது அந்த நாடாவில் கோடுபோலப் பதிந்திருந்தது. “இது போகவே போகாது ஐயா. ஒரு வயரைச் சரிபண்ணினா இன்னொண்ணு போகும்,” என்றார்.

எனக்கு விற்றவர்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அவரை மன்னிப்பதற்காக நான் பல நாள் ஜெபிக்க வேண்டியிருந்தது. ஜெபித்தேன், மன்னித்தும்விட்டேன் என்றே நினைத்தேன்.

2018-ல் நான் அந்தக் காரை விற்றேன். இதுவரைக்கும் நீங்கள் கேட்டிராத பகுதி இதுதான்.

விற்பதற்குமுன் கழுவினேன், மெருகேற்றினேன், தேய்ந்த இடங்களுக்கு வர்ணம் பூசினேன். ஒரு புது வாசனைப் புட்டியும் வாங்கி வைத்தேன். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த வேத வசனத்தை மட்டும் அப்படியே விட்டேன். சித்தாலப்பாக்கத்திலிருந்து ஒருவர் தம் மனைவியோடு வந்தார். நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. நடக்க இயலாத தம் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும் என்றார். முன்மூடியைத் திறந்தார், மூடினார். “ஏதாவது குறை இருக்குங்களா?” என்று கேட்டார்.

“பழைய வண்டிதானே, சின்னச் சின்ன எலக்ட்ரிக்கல் வேலை வரும்,” என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யல்ல. முழுவதும் பொய்.

ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். இரவில் நான் அதை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: “தண்ணியில கிடந்த வண்டின்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” நான் பதில் சொல்லவில்லை. அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாய் இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

மூன்று வாரங்கள் சென்றன. மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை மாலை, திருவிருந்து ஆராதனைக்காக ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது, நம்மேல் குறையுள்ள ஒருவர் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவரோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 5:23–24). எத்தனையோ முறை நான் பிரசங்கித்த பகுதி. அன்றைக்கு அது என் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. விற்றவர்மேல் எனக்கிருந்த குறையை மட்டுமே நான் ஜெபத்தில் வைத்திருந்தேன். வாங்கியவருக்கு என்மேல் இருக்கப்போகும் குறையை நினைக்கவேயில்லை.

அன்றிரவே பணத்தை எடுத்துக்கொண்டு சித்தாலப்பாக்கத்துக்குப் போனேன். கார் வாசலில் நின்றது; வசனமும் கண்ணாடியில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். “வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், முழுப் பணமும் இதோ,” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “எனக்குத் தெரியுமுங்க. போன வாரம் மழையில, அம்மாவை வச்சுக்கிட்டுத் தாம்பரம் ரோட்டுல நின்னுபோச்சு. தள்ளி ஓரங்கட்டி, ஆட்டோ பிடிச்சுப் போனோம். மறுநாள் மெக்கானிக் பார்த்துட்டுச் சொன்னாரு,” என்றார். பிறகு கண்ணாடியைக் காட்டிச் சொன்னார்: “வாங்குறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரலாம்னு வீட்டுல சொன்னாங்க. நான்தான், பாஸ்டர் வண்டி, அதெல்லாம் வேண்டாம்னுட்டேன்.”

சபையாரே, என் ஊழியப் பாதையில் நான் பல கண்டனங்களைக் கேட்டிருக்கிறேன். இதைப்போல ஒன்றைக் கேட்டதில்லை. அவர் குரலில் கோபமே இல்லை.

வண்டியைத் திருப்பித் தர அவர் சம்மதிக்கவில்லை. ஏற்கனவே சில வேலைகளைத் தொடங்கிவிட்டாராம். வயரிங் முழுவதையும் மாற்றும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். விலையிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய தாயார் கட்டிலில் படுத்தபடியே, “தம்பிக்குக் காபி குடுங்க,” என்றார்கள். அந்தக் காபியை விழுங்குவது எனக்குக் கடினமாயிருந்தது.

இப்போது பெத்லெகேமுக்கு வாருங்கள். ஈசாயின் வீட்டில் மூத்தவனாகிய எலியாபைக் கண்டவுடனே, அபிஷேகம் பெறத் தக்கவன் இவன்தான் என்று சாமுவேல் எண்ணினான். சாமுவேல் சிறுவயதிலேயே தேவசத்தம் கேட்டவன். அவனையும் உயரமும் முகத்தோற்றமும் ஏமாற்றப் பார்த்தன. மனுஷன் கண்ணுக்குத் தெரிகிறதைப் பார்க்கிறான். கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று அங்கே அவனுக்குச் சொல்லப்பட்டது. நாம் இந்தப் பகுதியை வாசிக்கும்போது நம்மைத் தாவீதின் இடத்தில் வைத்துக்கொள்ளுகிறோம்: உலகம் என்னைக் கவனிக்கவில்லை, தேவன் என்னை அறிவார் என்று ஆறுதலடைகிறோம். அது மெய்தான். ஆனால் அதே வார்த்தை எலியாபுக்கும் உரியது. கர்த்தர் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கிறவர்.

இதற்கு முந்திய அதிகாரத்தில் சவுல் நிற்கிறான். தன் பாவம் வெளிப்பட்டபோது அவன் சாமுவேலிடம் கேட்டது என்ன? மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ண வேண்டும் என்பதே (1 சாமுவேல் 15:30). உள்ளே எஞ்சின் நின்றுபோயிற்று. அவனுக்கோ வர்ணம் கலையக்கூடாது என்ற கவலை. தாவீதும் பாவத்தை மறைத்தவன்தான். ஆனால் நாத்தான் வந்து நின்றபோது, அவன் மூப்பரை நினைக்கவில்லை. தான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்ததாக அறிக்கையிட்டான். உள்ளத்தில் உண்மை இருப்பதையே தேவன் விரும்புகிறார் என்று ஐம்பத்தோராம் சங்கீதத்தில் அவன் ஜெபிக்கிறான். இருவரும் விழுந்தவர்களே. மூடியைத் திறந்து காட்டச் சம்மதித்தவன் ஒருவன், சம்மதியாதவன் மற்றவன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோற்றத்தால் மதிக்கப்பட்ட காரைப் பற்றிப் பேசினோம். பட்டத்தால் அவமதிக்கப்பட்ட ஒன்றும் நம் நாட்டில் உண்டு. 2008 ஜனவரியில் டெல்லியில் டாடா நானோ அறிமுகமானது. ஒரே ஸ்கூட்டரில் நெருங்கி அமர்ந்து போகும் குடும்பங்களைக் கண்டு, அவர்களுக்குப் பாதுகாப்பான வாகனம் வேண்டும் என்று ரத்தன் டாடா எண்ணியதில் பிறந்தது அது. சில குறைகள் அதற்கு இருந்தன. ஆனால் ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயரே அதற்குப் பெரும் பாரமாயிற்று. மலிவான காரில் போவதாகப் பிறர் நினைப்பார்களே என்று ஜனங்கள் தயங்கினார்கள். 2018-ல் அதன் உற்பத்தியும் ஏறக்குறைய நின்றுபோனது. நம் சபை வாசலில் நிற்கும் வாகனத்தைக் கொண்டு உள்ளே வருகிறவருக்கு நாம் இருக்கை காட்டுகிறோமா? யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கேட்கும் கேள்வி மேடவாக்கத்துக்கும் உரியதே.

என்னை மிகவும் ஏமாற்றிய வாகனம் எது என்று கேட்டீர்கள். அந்தக் கார் அல்ல என்று இப்போது சொல்லத் துணிகிறேன். தண்ணீரில் கிடந்தது அதன் குற்றமல்ல. பின்கண்ணாடியில் வசனத்தோடு போய்க்கொண்டிருந்த இந்தப் போதகன்தான் சித்தாலப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தை ஏமாற்றின வாகனம். கிறிஸ்துவின் நாமத்தைச் சுமந்து செல்லும்படி நமக்கு ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. நம்மை நம்பி ஏறுகிறவர்கள் நடுவழியில் நிற்கக்கூடாது.

இந்த வாரத்தில் உங்களில் ஒருவர் ஒரு வீட்டை வாடகைக்கு விடலாம், ஒரு வரன் பேசலாம், ஒரு பொருளை விற்கலாம். “ஏதாவது குறை இருக்கிறதா?” என்று எதிரில் இருப்பவர் கேட்பார். அந்த ஒரு நிமிஷத்தில் ஆவியானவர் உங்களோடே பேசுவார். அவருக்குச் செவிகொடுங்கள். ஏற்கனவே மறைத்துவிட்டீர்களானால், திருவிருந்துக்குமுன் போய் வாருங்கள். வழி நீளமானது அல்ல. எனக்குச் சித்தாலப்பாக்கம்வரைதான் இருந்தது.

ஜெபம்: எங்கள் இருதயங்களை ஆராய்ந்து அறிகிற பரலோகப் பிதாவே, நாங்கள் மூடிவைத்திருக்கிற சேற்றை நீர் காண்கிறீர். வர்ணம் பூசி மறைக்கிறதை விட்டு, உம்முடைய ஒளியில் எங்களைத் திறந்து வைக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்களால் ஏமாற்றப்பட்டவர்களிடம் திரும்பிப்போக எங்களுக்குப் பெலன் தாரும். உமது நாமத்தைத் தரித்திருக்கிற நாங்கள் அதற்கு உண்மையுள்ளவர்களாய் நடக்க உதவிசெய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.