எழுதக்கூடாத இடம்

எங்கள் துறையின் பழைய ஆண்டுமலர்களைத் தேடிப் படிப்பதற்கென ஒரு சிறு வலைத்தளம் செய்தோம். நிரல் எழுதியவன் கணினி ஆர்வமுள்ள முதுகலை மாணவன். "தரவுத்தளக் கடவுச்சொல்லை எங்கே வைக்கட்டும், ஐயா?" என்று கேட்டான். "அமைப்புக் கோப்பிலேயே எழுதிடுப்பா, அப்புறம் மறந்துபோகும்" என்றேன். எழுதினான். நிரல் முழுவதையும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றினான். இரண்டே நாளில் யாரோ உள்ளே புகுந்து மலர்ப் பட்டியலைத் துடைத்துவிட்டார்கள்.

துறைக் கூட்டத்தில் மாணவனின் கவனக்குறைவு என்று பேசினார்கள். எழுதச் சொன்னவன் நான் என்று கூற எனக்கு நா எழவில்லை.

அந்த வரியை அழித்தால் போதும் என்று முதலில் நினைத்தோம். போதாது. நிரலின் ஒவ்வொரு படியையும் காத்துவைக்கும் கருவி 'கிட்'. இன்று அழித்த வரி நேற்றைய படியில் இருந்துகொண்டேயிருக்கும். வெளிப்பட்ட கடவுச்சொல்லை மாற்றியே ஆகவேண்டும்.

பிறகு அவனே படித்துவந்து எனக்கு விளக்கினான். நிரலில் கடவுச்சொல்லுக்கு இட்ட பெயர் மட்டும் இருக்க, அதன் மதிப்பு நிரல் ஓடும் கணினியின் சூழலில் இருக்கும். சூழல் மாறி என்பது இதுதான். 1979-இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இவ்வசதி உண்டு. 2011-இல் ஹெரோகு நிறுவனத்தார் வகுத்த பன்னிரு நெறிகளில் மூன்றாவது இதையே வலியுறுத்துகிறது. நிரலை இந்நொடியே ஊரறியத் திறந்து வைத்தாலும் இரகசியம் எதுவும் வெளிப்படலாகாது என்பது அவர்கள் தரும் சோதனை.

கேட்டபோது அகத்திணை மரபு நினைவுக்கு வந்தது. அங்கே தலைவன், தலைவி உண்டு. இன்னார் என்று பெயர் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. அதனாலேயே அப்பாடல்கள் எவர்க்கும் பொருந்துகின்றன. இந்நிரலும் அவ்வாறே. அவன் கணினியில் ஒரு மதிப்பு, வழங்கியில் வேறொன்று. நிரலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை.

இது முழுக்காவல் அன்று. லினக்ஸில் அதே பயனரின் பிற நிரல்கள் அச்சூழலைப் படித்துவிட முடியும். பிழைக்குறிப்பில் சூழல் முழுவதையும் கொட்டிவிடும் நிரல்களும் உள்ளன. வசதிக்காக மதிப்புகளை எழுதிவைக்கும் 'என்வ்' கோப்பைக் களஞ்சியத்தில் சேராமல் விலக்கவும் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். தலைவர் ஒன்றும் பேசவில்லை. மாணவன் தலைகுனிந்திருந்தான். இப்போது பட்டியலை இருவருமாக மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். 1974-ஆம் ஆண்டு மலர் வரை வந்திருக்கிறோம்.