கண்டியில் ஒரு முழுப்பேர்!

பி.காம். படித்தவர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. கோயில், குளம், கோட்டை, அருவி... எதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும், 'அடடா, என்ன அழகு!' என்று வாய் பிளக்கும் முன் 'இதுக்கு யார் பணம் போட்டது? எந்தக் கணக்கில் எழுதினான்?' என்று மனசு கேட்கும். என் சகதர்மிணி சரித்திரம் படித்தவள். ஆகவே எங்கள் வீட்டு டூர் என்பது, அவள் அண்ணாந்து பார்ப்பதும் நான் குனிந்து கணக்குப் பார்ப்பதும்தான்.

2024 ஆகஸ்ட் கடைசியில் இந்த ஜோடி கண்டிக்குப் போனது. பெரஹரா முடிந்து, யானைகள் வீடு திரும்பி, லாட்ஜ்காரர்களும் கொஞ்சம் மனசு இறங்கியிருந்த சமயம். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய மூன்றரை ரூபாய். மணி எக்ஸ்சேஞ்ச் வாசலில் பத்து நிமிஷம் ஜமீன்தாராக இருந்தேன். 'வெளிநாட்டவர் கட்டணம்' என்ற போர்டைப் பார்த்ததும் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியில் கடுகண்ணாவை என்று ஒரு கணவாய். அங்கே ரோட்டோரம் ஒரு பாறையைக் குடைந்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். மலையைத் துளைத்துக்கொண்டு வருகிறவன்தான் கண்டியை ஆள முடியும் என்று அந்தக் காலத்தில் ஒரு ஜோசியம் இருந்ததாம். அதைப் பலிக்க வைக்கத்தான் வெள்ளைக்காரன் குடைந்தான் என்பார்கள். ஆனால் ஊரைப் பிடித்தது 1815-ல். ரோடு போட்டது 1820-களில். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் பின்தேதியிட்ட வவுச்சர்!

ஜோசியத்தை விடுங்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லாம் கடற்கரையைப் பிடித்தார்களே தவிர, இந்த மலை ஊரை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1803-ல் வந்த இங்கிலீஷ்காரர்களும் உதை வாங்கித் திரும்பியவர்கள்தான். சுமார் 1,600 அடி உயரத்தில், சுற்றிலும் மலை, ஒரு பக்கம் மகாவலி ஆறு என்று பத்திரமாகக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர். 1988-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் உட்கார்ந்திருக்கிறது.

*

முதலில் தலதா மாளிகை. புத்தரின் பல் இருக்கிற கோயில். பல்லைச் சாதாரண நாளில் பார்க்க முடியாது. பேழையைத்தான் பார்க்கலாம். பூஜை வேளையில் மேளச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கிறது. கையில் தாமரையும் அல்லியுமாக வெள்ளை உடுப்பில் வருகிற ஜனங்களைப் பார்த்தால் நமக்கும் குரல் தானாகத் தணிகிறது. வாசலில் சோதனை பலம். 1998 ஜனவரி 25-ல் விடுதலைப் புலிகள் இங்கே குண்டு லாரியை வெடித்ததில் பலர் செத்தார்கள், கட்டடம் சிதைந்தது. பெயரைக் கேட்டுவிட்டு, தமிழ் என்று தெரிந்தும், ஒரு காவலாளி சிரித்தபடி வழி விட்டார். அந்தச் சிரிப்பை நான் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. வரவு வைத்துக்கொண்டேன்.

மாளிகைக்கு முன்னால் இருக்கிற எண்கோண மண்டபமும், எதிரே இருக்கிற ஏரியும்தான் கண்டி போஸ்ட் கார்டில் எல்லாம் இருப்பவை. இரண்டும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டியவை. ஏரி 1807 வாக்கில் வயலை அணை போட்டு உண்டாக்கியது. இந்த ராஜா யார் என்கிறீர்கள்? கண்ணுசாமி! நம்ம மதுரைப் பக்கத்து நாயக்கர் வீட்டுப் பிள்ளை.

கதை இதுதான். 1739-ல் கண்டி ராஜா வாரிசு இல்லாமல் இறந்தார். ராணி மதுரையிலிருந்து போனவர். ராணியின் தம்பி பட்டத்துக்கு வந்துவிட்டார். மச்சினன் வீட்டோடு வந்து தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது. அப்புறம் 1815 வரை 76 வருஷம், நான்கு ராஜாக்கள், எல்லாம் அந்த வம்சம். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-ல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதா தீட்சை முறையை மறுபடி தொடங்கி வைத்தார். சைவ வீட்டுப் பிள்ளை, பௌத்தத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

கடைசி ராஜா அப்படி இல்லை. ஏரி வெட்ட ஊராரை வதைத்தார். 1814-ல் தன்னை எதிர்த்த எஹெலப்பொல என்ற மந்திரியின் மனைவி மக்களையே கொன்றார். அந்த வீட்டுச் சின்னப் பையன் பயப்படாமல் முன்னால் வந்து தலை கொடுத்த கதை இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு அதைச் சொன்னவர் ஆட்டோக்காரர். சொல்லி முடித்ததும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ராஜாவுக்கு நான்தான் பேரன் என்பது போல! 1815 மார்ச் 2-ல் பிரதானிகளே வெள்ளைக்காரனோடு ஒப்பந்தம் போட்டு ராஜாவைக் கழற்றி விட்டார்கள். வேலூர்க் கோட்டையில் சிறை. 1832-ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. வேலூர்க்காரர்களே, ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம். பத்தினி என்றால் நம்ம கண்ணகிதான். சிலப்பதிகாரத்தில், சேரன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்ததாகச் சொல்லப்படும் இலங்கைக் கயவாகு ஞாபகம் இருக்கிறதா? மதுரையை எரித்துவிட்டுப் புறப்பட்டவர் இங்கே பெரஹராவில் வருஷா வருஷம் தனி ஊர்வலமே போகிறார்.

*

இரண்டாம் நாள் கிராமங்கள். கண்டியிலிருந்து பேராதனை தாண்டி, பிலிமத்தலாவை பக்கம் மூன்று கோயில்கள். எம்பக்க, இலங்காதிலக, கடலாதெனிய. மூன்றும் 14-ம் நூற்றாண்டு, கம்பளை தலைநகராக இருந்த காலம். மூன்றுக்கும் நடுவே வயலும், கமுகும், மிளகுக் கொடி ஏறின வீட்டுத் தோட்டமுமாக நடந்தே போகலாம். வழியில் மரச் சிற்பம் செதுக்குகிறவர்கள், பித்தளை வார்க்கிறவர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் பார்த்ததும் என் சகதர்மிணிக்குச் சரித்திர ஆர்வம் பல மடங்கு ஆனது. எடை என்ன, விமானத்தில் எத்தனை கிலோ விடுவான் என்ற விஷயங்களில் நான் ஆழ்ந்தேன்.

எம்பக்க கதிர்காமக் கடவுளின் கோயில். அதாவது முருகன். வருஷா வருஷம் கதிர்காமத்துக்கு நடந்துபோய்க் கொட்டடித்த ஒரு மேளக்காரருக்கு வயசாகி, இனி நடக்க முடியாது என்று ஆனபோது, 'நீ வரவேண்டாம், நானே உன் ஊர்ப் பக்கம் வருகிறேன்' என்று சாமி சொன்னதாகக் கதை. மேள மண்டபத்துத் தூண்கள் எல்லாம் மரம். மல்யுத்தக்காரர்கள், இரட்டைத் தலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், குதிரை வீரன்... ஒன்று போல் ஒன்று இல்லை. அண்ணாந்தால் கூரையின் ஒரு கோடியில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து சேர்கின்றன. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு மாமியார் மாதிரி! செய்தவர் பெயர் தெல்மட மூலாச்சாரி என்கிறார்கள்.

இலங்காதிலக பாறை உச்சியில் நிற்கிற பெரிய வெள்ளை விகாரை. உள்ளே புத்தர். அவரைச் சுற்றி வெளிச் சுவரில் விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் எல்லோருக்கும் தனித்தனி சந்நிதி. பக்கத்துப் பாறையில் கல்வெட்டு. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று! கட்டிய ஸ்தபதி ராயர், தெற்கிந்தியாவிலிருந்து போனவர். கடலாதெனியவும் அப்படித்தான். முழுக்கக் கருங்கல். தூணைத் தொட்டுப் பார்த்தால் கும்பகோணம் பக்கம் எங்கோ நிற்கிற மாதிரி இருக்கிறது. செய்தவர் கணேஸ்வராசாரி. வருஷம் 1344.

யோசித்துப் பாருங்கள். சுமார் 680 வருஷம் முன்னால் உளி பிடித்த ஒரு மனுஷனின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. வேலையும் அவனுடையது, பேரும் அவனுடையது. கணக்கு டேலி ஆகிவிட்டது. எனக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி மறுநாள் பத்தரை மணி வரைதான் இருந்தது.

*

மூன்றாம் நாள் ஹந்தானை. கண்டி டவுனிலிருந்து மலையேறினால் சில கிலோமீட்டரில் பழைய தேயிலை பேக்டரி ஒன்றை 2001-ல் மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். அதே ஆட்டோக்காரர்தான் வந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். மலையகத் தமிழர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் இரண்டு நாள் அவரை நான் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை.

மியூசியத்தில் ஜேம்ஸ் டெய்லருக்குப் பெரிய இடம். ஸ்காட்லாந்துக்காரர். 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். இலங்கையின் காப்பிப் பயிரை இலை நோய் அழித்தபோது நாட்டைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தேயிலைதான். 1892-ல் அவர் இறந்தபோது 24 தொழிலாளிகள் முறை வைத்துக்கொண்டு உடலை மலைவழியே கண்டிக்குச் சுமந்து வந்தார்கள் என்பார்கள். மகியாவை கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது.

"அந்த இருபத்து நாலு பேர் பேரு எங்கயாவது போட்டிருக்கா அண்ணே?" என்றேன். கணக்குப் புத்தி!

அவர் சிரித்துவிட்டார். "பேருங்கிறது தோட்டத்துல வேற தம்பி. எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. ஒரு நாள் சம்பளத்துக்குப் பேருதான் சொல்லுவோம். இத்தனை கிலோ எடுத்தாத்தான் ஒரு பேரு விழும். மழை பேஞ்சு கொழுந்து கொறைஞ்சு போச்சுன்னா அரைப்பேரு. எங்கம்மா ராத்திரி லயத்துக்கு வந்து, 'இன்னைக்கு அரைப்பேருதான்டா'ன்னுவாங்க. அன்னைக்கு ரொட்டியும் அரைதான்."

நான் படித்த காஸ்ட் அக்கவுண்டிங்கில் பீஸ் ரேட், டைம் ரேட் எல்லாம் உண்டு. அரைப்பேர் கிடையாது.

திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று நம்ம ஜில்லாக்களிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, வழியெல்லாம் காலராவுக்குச் செத்தது போக மிச்சம் வந்து சேர்ந்தவர்கள்தான் இந்த மலையைப் பச்சையாக்கியவர்கள். 1948-ல் சுதந்திர இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில் அவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பேலன்ஸ் ஷீட் என்றால் இதுதான். இரண்டு பக்கமும் கச்சிதமாக டேலி! உள்ளே இருப்பது அம்மா, அக்கா, தம்பி என்பதுதான் சின்ன விஷயம்.

ஆட்டோக்காரரின் அக்கா கல்யாணமான கையோடு இந்தியக் கணக்கில் போனவர். தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயராம். அக்கா இப்போது கோத்தகிரிப் பக்கம். அங்கேயும் தேயிலைதான்.

"அங்க அவங்களை என்னன்னு சொல்றாங்க தம்பி?"

"சிலோன்காரங்கன்னுவாங்க அண்ணே."

"இங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க" என்றார். அதில் கோபமே இல்லை. மீட்டர் எண்ணைப் படிக்கிற மாதிரி சொன்னார். நிஜம்தான். மக்கள் தொகைக் கணக்கில் வெகுகாலம் அவர்கள் 'இந்தியத் தமிழர்'. இலங்கையில் மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்ததே 2003-ல்தான்.

அதுவரை வாய் ஓயாத என் சகதர்மிணி, திரும்பி வரும் வழி முழுக்கப் பேசவில்லை. கண்டி வந்ததும் ஒரு கடையில் மூன்று பிளேன் டீ சொன்னாள். பால் இல்லாத சாயம், இஞ்சி போட்டது. அவர் காசு கொடுக்க விடவில்லை. "நீங்க எங்க ஊருக்கு வந்தவங்க" என்றார். எங்க ஊர்! எத்தனை அரசாங்கம் எந்தப் பக்கம் எழுதினால் என்ன, அவர் கணக்கில் அது தெளிவாக இருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து கண்டி மாவட்டத்தில் மலை சரிந்தபோது முதல் வேலையாக அவருக்குத்தான் போன் போட்டோம். மூன்றாம் நாள் லைன் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். எங்கள் வீட்டுப் பித்தளை விளக்குக்கு அன்றைக்குக் கூடுதலாக ஒரு கரண்டி எண்ணெய் கிடைத்தது. (ஆமாம், வாங்கிவிட்டாள். 4 கிலோ.)

கண்டி போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பல்லுக்கு ஒரு நாள், கல்லுக்கு ஒரு நாள் என்று திட்டம் போடுங்கள், தப்பில்லை. ஆனால் தேயிலை மலைக்கு 'போகிற வழியில் அரை நாள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்களுக்கு அரைப்பேர் போட்டவர்கள் ஏற்கெனவே நிறைய.

நீங்களாவது முழுப்பேர் போடுங்கள்.