எழுதிய தேதியும் வந்த தேதியும்

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள், ஒரு சில்லறை வியாபார நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவுக்கு மென்பொருள் செய்யும் குழுவில் இருந்தேன். அதுவரை வாடிக்கையாளர் விவரங்களை ராத்திரி மொத்தமாக ஓட்டி, காலையில் அறிக்கை கொடுப்போம். "இப்போது நடப்பது இப்போதே தெரியவேண்டும்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குக் காஃப்காவை எடுத்துக்கொண்டோம். லிங்க்ட்இன்னில் உருவாகி, 2011-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள். எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயர்தான். உள்ளே பார்த்தால் மளிகைக்கடைச் சிட்டை மாதிரி: வந்ததைக் கடைசி வரியில் எழுது, எழுதியதைத் திருத்தாதே. படிக்கிறவர்கள் எந்த வரிவரை படித்தோம் என்று அவரவர் குறித்துக்கொள்ளவேண்டும். கணக்குப் போடும் வேலையை ஃபிளிங்க் பார்த்துக்கொண்டது. அது ஜெர்மன் சொல். சுறுசுறுப்பு என்று பொருள்.

வேகம் சுலபமாகவே கிடைத்தது. நேரம்தான் படுத்தியது. ரயிலில் போகிறவர் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சிக்னல் இல்லை. அரைமணி கழித்துத்தான் அது எங்களிடம் வருகிறது. கடிதத்தின் தலையில் எழுதிய தேதி ஒன்று, தபால்காரர் கொண்டுவந்த தேதி இன்னொன்று. எழுதிய தேதிப்படி கணக்கு வைப்பதே நியாயம். ஆனால் தாமதமாக வருகிறவற்றுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதை முடிவுசெய்யும் கோட்டுக்கு வாட்டர்மார்க் என்று பெயர். கொஞ்சமாகக் காத்திருந்தால் சில விட்டுப்போகும். நிறையக் காத்திருந்தால் 'உடனுக்குடன்' என்ற பேச்சே இல்லை.

சில விட்டுப்போனால் என்ன, விற்பனை எண்ணிக்கை துளி மாறும், அவ்வளவுதானே என்றார்கள். குழுவிலேயே வயதில் சின்னப்பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், விட்டுப்போனது 'இனி எனக்கு அனுப்பாதீர்கள்' என்பதாக இருந்தால்?" குழந்தைப் பொருள் பட்டியலில் பெயர் கொடுத்த ஒரு பெண், இரண்டு மாதம் கழித்து அதை நீக்குகிறாள் என்று உதாரணமும் சொன்னாள். ஏன் நீக்கினாள் என்று நமக்குத் தெரியாது. கூட்டத்தில் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

அதன்பிறகு 'வேண்டாம்' என்ற வேண்டுகோள்களைத் தனி வரிசையில் விட்டோம். எவ்வளவு தாமதமாக வந்தாலும் அவற்றைத் தள்ளுவதில்லை. ஒவ்வொரு விளம்பரமும் வெளியே போகும் கடைசி நொடியில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே போகும். இதனால் வேகம் சற்றுக் குறைந்தது, மார்க்கெட்டிங் பிரிவு முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. சிக்னல் இல்லாத கைபேசியில் தேங்கிக் கிடப்பதை எந்த மென்பொருளாலும் அறியமுடியாது. ஆனால் நம் வாசலுக்கு வந்துவிட்ட வேண்டுகோளுக்குச் சாக்குச் சொல்லமுடியாதே.

'நிறுத்து' என்று அனுப்பிய பிறகும் இப்போது எனக்கு விளம்பரங்கள் வருவதுண்டு. அவர்களிடம் வேகமான கணினி இல்லை என்று நான் நினைப்பதில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.