ஆறு வாரக் கணக்கு

எமது தமக்கையார் பிறர் தோட்டங்களிலே கூலிக்கு வெங்காயம் நட்டும் களை பிடுங்கியும் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். கருப்பையில் வளர்ந்த நார்க்கட்டியால் ஈராண்டாக இருந்த இரத்தப்போக்கை அவர் எமக்கும் மறைத்து வந்தார். இறுதியில், கருப்பையை அகற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். அரசாங்க வைத்தியசாலையில் வயிற்றைக் கீறிச் செய்வார்கள், பணம் வேண்டியதில்லை. தனியார் வைத்தியசாலையிலோ சிறு துளைகளின் வழியே கமராவையும் கருவிகளையும் புகுத்திச் செய்வார்கள். அதற்குக் குடியிருக்கும் காணியை ஈடுவைக்க வேண்டும்.

"துளை போட்டால் கெதியாய் எழும்பலாமாம், தம்பி" என்றார் அக்கா. தழும்பின் அழகை எண்ணி அவர் அதைச் சொல்லவில்லை. வயிற்றைக் கீறினால் ஏறத்தாழ ஆறு வாரம் பாரந் தூக்கலாகாது; துளைமுறையில் அதற்கு வெகு முன்னரே நடமாடலாம். மாதச் சம்பளக்காரராகிய எமக்கு அது விடுமுறைக் கணக்கு. அவருக்கோ அது உலையரிசிக் கணக்கு.

அமெரிக்க வைத்தியர் ஹரி ரைக் 1988இல் தொடக்கிவைத்த துளைமுறையில் நோவு குறைவு, காயம் பழுதாவதும் குறைவு என்பது மெய்யே. ஆயினும் புதியது யாவும் எல்லார்க்கும் நன்றென்று கொள்ளலாகாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆரம்பநிலையிற் செய்யும் பெருஞ்சத்திரசிகிச்சை பற்றி 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நாலரை ஆண்டின் பின் நோய் திரும்பாது வாழ்ந்தோர் வயிற்றைத் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளைமுறையில் 86 சதவீதமே. அக்காவுக்குப் புற்றுநோய் இல்லையாகையால் அந்த அச்சம் அவருக்குரியதன்று.

அரசாங்க வைத்தியரிடம் சென்றபோதுதான் மூன்றாவது வழியொன்று உண்டென அறிந்தோம். யோனிவழியே கருப்பையை எடுப்பது. வயிற்றிலே காயமில்லை, கமராவும் வேண்டியதில்லை. ஜெர்மானியரான லாங்கன்பெக் 1813இலேயே செய்த முறை. இயலுமிடத்து இதையே முதலில் நாடவேண்டும் என்று இன்றைய ஆய்வுகளும் கூறுகின்றன. படித்தவர் என்று பெயரெடுத்த எமக்கு இதை எவரும் சொல்லவில்லையே! விலை குறைந்த வழிக்கு விளம்பரம் செய்ய ஆளில்லைப்போலும்.

ஆனால், அக்காவின் கட்டி அவ்வழிக்கு அடங்காத பருமன். வயிற்றைக் கீறியே செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். காணி தப்பியது. ஆறு வாரத்துக்கும் அரிசி கொண்டுவருவோம் என்று நாம் வாக்களித்தோம், கொண்டும் போனோம். நான்காம் வாரம் சென்றபோது வீடு பூட்டிக்கிடந்தது. வெங்காயத் தறையிலே, ஒரு கையால் வயிற்றைப் பொத்தியபடி, அவர் குனிந்து நின்றார்.