கோவையில் ஒரு கைவினைச் சந்தை

மில்களால் பெயர் வாங்கிய ஊர் கோயமுத்தூர். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் ஆரம்பித்த நாளிலிருந்து இயந்திரத்தின் இரைச்சல்தான் அந்த ஊருக்குச் சுப்ரபாதம். அப்பேர்ப்பட்ட ஊரில் கையால் செய்த சாமான்களுக்கென்று ஒரு சந்தை கூடுகிறது என்றால் வேடிக்கைதானே! தமிழ்நாடு கிராஃப்ட்ஸ் கவுன்சில், அவிநாசி ரோட்டிலுள்ள சுகுணா கல்யாண மண்டபத்தில் நடத்தும் சந்தைக்குப் போயிருந்தேன்.

மண்டபம் நிறையக் கூட்டம். மாப்பிள்ளை, பெண் இருவரும்தான் பாக்கி!

நீலகிரியிலிருந்து தோடர்களின் பூவேலை வந்திருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். முன்கூட்டிப் படம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். நாம் எதைப் பின்பக்கம் என்போமோ, அதுதான் அவர்களுக்கு மேல்பக்கமாம். தையல் வகுப்பில் பின்பக்கம் கரடுமுரடாக இருக்கிறதென்று டீச்சரிடம் குட்டு வாங்கிய சகோதரிகள் இதைக் கவனிக்கவும்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது பவானி ஜமக்காளக் கடைதான். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக விரிந்து கிடந்ததைப் பார்த்ததும், நிச்சயதார்த்தம், கொலு, சொந்தக்காரர் கூட்டம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

ஓர் அம்மாள் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "இதே ஜமக்காளம் போனில் ஆர்டர் பண்ணினால் பாதி விலைக்கு வீட்டுக்கே வருகிறதே?"

"வருமுங்க அம்மிணி," என்றார் கடையிலிருந்த பெரியவர். "பவானின்னு பேருகூடப் போட்டிருக்கும். ஆனா அது பவானி ஆத்தைப் பார்த்திருக்காதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

அவர் மனக்குறை நியாயமானதுதான். 1985-ம் வருஷத்துச் சட்டம், கைத்தறிக்கென்றே ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளத்தையும் சேர்த்திருக்கிறது. விசைத்தறியில் அதை நெய்யக்கூடாது. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அப்படியும் சோலாப்பூர்ப் பக்கத்து விசைத்தறிச் சரக்கு தங்கள் ஊர்ப் பெயரில் விலை போகிறது என்று பவானிக்காரர்கள் வெகுகாலமாக முறையிட்டு வருகிறார்கள். சட்டத்துக்கு லாரியை மறிக்கத் தெரியவில்லை! வாங்குகிறவர்கள் 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம். புடவைக்கு எத்தனை தடவை புரட்டுகிறோம்!

மறுநாள் பவானிக்கே புறப்பட்டுவிட்டேன். கோவையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்; ஈரோடு போய் மாறினால் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான்.

ஒரு வீட்டுத் திண்ணையைத் தாண்டியதும் குழித்தறி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். அகல ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவரும் ஓய வேண்டியதுதான். நான் பார்த்த இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். வீட்டுப் பையன் பெருந்துறையில் பாக்டரி வேலைக்குப் போகிறானாம்.

மூலையில் வீட்டுக்கார அம்மாள் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தார் இல்லாவிட்டால் நாடா ஓடாது. நாடா ஓடாவிட்டால் நெசவே இல்லை.

"கூலி எப்படிங்க?" என்று கேட்டேன்.

"உருப்படிக்கு இத்தனைன்னு அவருக்குக் குடுப்பாங்க."

"தார் சுற்றுவதற்கு?"

"அதுக்கெதுக்குங்க தனியா? அதெல்லாம் வீட்டு வேலைதானுங்களே!" என்று சொல்லிவிட்டு, என்னை விநோதமாகப் பார்த்தார். ராட்டை மட்டும் நிற்கவில்லை.

அங்கேயே ஒரு ஜமக்காளம் வாங்கினேன். பேரம் பேசவில்லை. அதைத் தோளில் சுமந்துகொண்டு, காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறைக்கு நடந்து, சங்கமேசுவரர் கோயில் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல கனம்!