துப்பாக்கி எண்ணெயும் ஒரு சிரட்டைத் தண்ணீரும்

துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் நல்லது என்பதும் ஓர் இலக்கியப் பகுதியில் எழுதத் தக்க பொருளோ என்று அன்பர்கள் வியக்கக்கூடும். நம் வாசகரிற் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள். தொடவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. உரிமமின்றி அதனை வைத்திருப்பதே மலேசியாவில் 1960-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும், அது நன்றே. ஆயினும் எமது பத்தாம் வயதில் ஒரு துப்பாக்கிக்கு எண்ணெய் தேர்ந்த காரியத்தில் நாமும் சிறு துணையாக இருந்தோம். அதில் நாம் கற்ற பாடம் ஒன்று. கற்கத் தவறிய பாடம் மற்றொன்று. பின்னதை எழுதவே இத்துணைக் காலம் தயங்கினோம்.

1962-ம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டம். பழைய பால்மரங்களை வீழ்த்திச் செம்பனை நடத் தொடங்கியிருந்த காலம். காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கி இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். எம் தாய்மாமா அத்தோட்டத்தின் ஜாகா. தோட்டத்தின் பெயரில் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை மாலையில் ஆபீசிலிருந்து வாங்கி வந்து, காலையில் திருப்பிக் கொடுப்பது அவர் வழக்கம். அதற்கு எண்ணெய் பூசும் பொறுப்பும் அவருடையதே.

அவர் பூசிய எண்ணெய் யாதென்றால், முனியாண்டி கோயில் விளக்கில் எரிந்து மிஞ்சிய தேங்காயெண்ணெய். எம் பாட்டியார் வெள்ளிக்கிழமைதோறும் அதனைச் சிறு போத்தலில் வடித்து வருவார். “முனியன் எண்ணெய் பட்ட இரும்பு பொய்க்காதடா” என்பார். மாமாவும் பக்தியோடு தேய்ப்பார். அடைமழைக் காலம் வந்தது. ஒரு நாள் பெரிய துரை குழலை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்து உள்ளே நோக்கினார். உள்ளே அம்மை வடுப்போலத் துருக்குழிகள். அதற்கு இரண்டு இரவுக்கு முன்னர்தான் மாமா விசையை இழுத்தும் வெடி எழாமல், பன்றிக் கூட்டம் அவர் கண்ணெதிரே ஒரு வரிசைக் கன்றுகளை அழித்துச் சென்றிருந்தது. ஊசி நகரும் துளையில் பழைய எண்ணெய் பசையாக இறுகியிருந்ததே காரணம். இன்னொரு முறை இவ்வாறாயின் ஜாகா வேலை போய்விடும் என்று துரை சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பாட்டியார் முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். மாமா அதனைத் தடுக்கவில்லை. ஆனால் அன்று மாலையே இயந்திரக் கொட்டகைக்குச் சென்று பிட்டரை அழைத்து வந்தார்.

அப்பிட்டரை நாம் “பிட்டர் அண்ணன்” என்று ஒருமுறை அழைத்து, அதற்காகப் பாட்டியாரிடம் அடி வாங்கியதுண்டு. அவர் ‘கீழ் லயத்து’ ஆள். அந்தச் சொல்லின் பொருள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இயந்திரக் கொட்டகையில் அவர் தொடாத பொருள் இல்லை. எங்கள் வீட்டில் அவர் தொடத்தக்க பொருள் ஒன்றுதான். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

அவர் துப்பாக்கியைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவினார். பின்னர் மாமா “எந்த எண்ணெய் பூசலாம்?” என்று கேட்டபோது, “நான் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? ஆணியைக் கேட்போம்” என்றார். அடுத்த நாள் ஆறு புது ஆணிகளைக் கொண்டுவந்தார். அவற்றை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, மண்ணெண்ணெயில் அலசி, விரல் படாமல் துணியாற் பிடித்து நூலிற் கட்டினார். விரல் படலாகாது என்றதற்குக் காரணம் வியர்வையின் உப்பு. முதல் ஆணியில் தேங்காயெண்ணெய், இரண்டாவதில் நல்லெண்ணெய், மூன்றாவதில் தையல் இயந்திர எண்ணெய், நான்காவதில் புதிய எஞ்சின் எண்ணெய், ஐந்தாவதில் லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். ஆறாவதில் ஒன்றுமில்லை. “இது எதற்கு அண்ணே?” என்று கேட்கவிருந்து, பாட்டியாரின் நினைவு வந்து “இது எதற்கு?” என்று மட்டும் கேட்டோம். “ஒன்றும் பூசாதது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால்தானே, பூசினது எவ்வளவு காத்தது என்று தெரியும்” என்றார். எமக்குப் பின்னாளில் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர்கள் எவரும் இதனை இத்துணைத் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆறு ஆணிகளும் எங்கள் வீட்டு இறவாரத்தில் வரிசையாகத் தொங்கின. மாலைதோறும் அவற்றின்மீது உப்புநீர் தெளிப்பது எம் வேலை. அத்தோடு ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, ஒவ்வோர் எண்ணெயிலும் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயவைத்தார். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது பிசினாகிறது என்று பார்ப்பதற்கு.

வெற்று ஆணி இரண்டாம் நாளே சிவந்தது. தேங்காயெண்ணெய் ஆணியில் நான்காம் நாள் புள்ளிகள் தோன்றின. அவ்வெண்ணெய் ஈரத்தில் சிக்கு நாற்றமெடுத்துப் புளிக்கும். புளிப்பு என்பது அமிலம். அமிலம் இரும்பைத் தின்னும். விளக்கில் காய்ந்து கரியும் கலந்த எண்ணெய்க்கு இன்னும் விரைவில் கேடு வரும். நல்லெண்ணெய் சற்று நன்றாகக் காத்ததாயினும், கண்ணாடியில் ஒரு வாரத்திற்குள் விரலில் இழையாக ஒட்டும் பசையாயிற்று. காற்றை உண்டு இறுகும் இயல்பு அதற்கு ஓரளவு உண்டு. தையல் இயந்திர எண்ணெய் பசையாகவில்லை, ஆனால் வழிந்தோடிவிட்டது, ஆணியின் தலைப்பக்கம் முதலில் துருவேறியது. கறுப்பு எண்ணெயின் நிறம் பார்க்கத் திடமாயிருந்தது. துடைத்தபோது அடியில் கறைகள். எரிபொருளின் கழிவும் அமிலமும் அதில் ஊறியிருக்கும் என்றார் பிட்டர். எஞ்சின் எண்ணெய் பூசிய ஆணி மட்டும் பத்தாம் நாளும் பளிச்சென்றிருந்தது.

அதனால் எஞ்சின் எண்ணெயே சிறந்தது என்று மாமா முடிவு கட்ட முனைந்தார். பிட்டர் ஒப்பவில்லை. தடித்த எண்ணெயை விசைப் பொறியில் விட்டால் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும், அதையும் வாரந்தோறும் புதுப்பிக்க வேண்டும். குழலுக்கு எஞ்சின் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். சுடுவதற்கு முன் குழலின் உட்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். ஓடாமல் நிற்பது, பசையாகாமல் இருப்பது, நீரை அண்டவிடாதது ஆகிய மூன்றையும் ஒரே எண்ணெயில் முழுமையாகக் காண்பது அரிது என்பது அவர் கருத்து. இக்காலத்தில் துடைக்கவும் வழுக்கவும் காக்கவும் ஒன்றே போதும் என்று விற்கப்படும் எண்ணெய்கள் வந்துவிட்டன. அவை பெரிதும் நல்லவையே. அவற்றைச் சோதிக்க நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைத்த நீரை 35 பாகை வெப்பத்தில் பனிபோலத் தூவும் பெட்டிகளும் உள. அமெரிக்கர் அதற்கு 1939-ம் ஆண்டிலேயே ஒரு விதி வகுத்தனர். எங்கள் இறவாரத்திற்கும் அப்பெட்டிக்கும் கருத்தளவில் வேற்றுமை இல்லை.

நிற்க. இந்தப் பிட்டர் துப்பாக்கி கற்றது எங்கே? 1943-ம் ஆண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் இவர். பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய 303 துப்பாக்கிகளே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தன. அத்துப்பாக்கியைச் சுட்டபின் குழலுக்கு முதலில் வேண்டுவது தண்ணீர், அதுவும் கொதிநீர், எண்ணெய் அதற்குப் பின்னரே என்று அவர் சொன்னபோது நாம் நகைத்தோம். உண்மை அவர் பக்கமே இருந்தது. அக்காலத்துத் தோட்டாவின் அடியில் நெருப்புப் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலுக்குள் தங்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 84-ஐத் தாண்டினால் அவ்வுப்பு ஈரத்தை உறிஞ்சி நீராகிவிடும். நம் நாட்டு இரவுகளில் அது தாண்டாத நாள் அரிது. எண்ணெய் உப்பைக் கரைக்காது. மேலே போர்வையாகக் கிடக்க, அடியில் துரு வளரும். அமெரிக்கச் சுரங்கத் துறையார் இதனை ஆராய்ந்து 1922-ம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு முன்னெல்லாம் பழியை வெடிமருந்தின்மேலும் எண்ணெயின்மேலும் சுமத்தியிருந்தார்கள்.

அந்த இராணுவத்தில் சாதிக்கொரு சமையற்கட்டு என்னும் பழைய பட்டாள வழக்கம் ஒழிக்கப்பட்டிருந்தது. எல்லாரும் ஒரே சோறு உண்டார்கள். ஒரே பாத்திரத்து நீரைப் பருகினார்கள். பிட்டர் இதனைப் பெருமையாகச் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போது அவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, தரையில் அமர்ந்திருப்பார்.

1857-ம் ஆண்டுக் கதையையும் அவரே எமக்கு முதலில் சொன்னார். 1943-ம் ஆண்டு செப்டம்பரில் இரங்கூனில் பகதூர் ஷாவின் கல்லறையில் நேதாஜி அணிவகுப்பு நடத்தினார் அல்லவா. அதனால் அவ்வீரர்களுக்கெல்லாம் அந்தக் கதை மனப்பாடம். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னான் வெள்ளைக்காரன், சிப்பாய்கள் எழுந்தார்கள். கேட்டவர்கள் அனைவரும் அறிந்த கதை. அதன் மற்ற பகுதிகளை நாம் நெடுநாள் கழித்தே நூல்களிற் கற்றோம்.

என்ஃபீல்டு துப்பாக்கியில் வாய்ப்புறமாகக் குண்டைக் கெட்டிக்க வேண்டும். குழலின் உள்வரிகளில் குண்டு வழுக்கி இறங்கவும், வெடிமருந்தின் கசடு இறுகாமலிருக்கவும் தோட்டாத் தாளுக்கு நெய்ப்பு வேண்டும். அந்நெய்ப்பு இந்திய வெப்பத்தில் எவ்வாறு நிற்கும் என்று அறிய 1853-ம் ஆண்டில் தோட்டாக்களை இங்கிலாந்திலிருந்து அனுப்பி, சிப்பாய்களின் பைகளில் வைத்தே சுமக்கச் செய்து சோதித்தார்கள். உருகிற்றா, ஒழுகிற்றா என்று பார்த்தார்கள். அதில் என்ன கொழுப்பு என்று சுமந்தவனுக்குச் சொல்லவில்லை. இந்தியப் படையினரின் மனத்தைப் புண்படுத்தாத நெய்ப்பு என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி அவர்களுக்கு அதனைத் தரலாகாது என்று கர்னல் தக்கர் என்னும் அதிகாரி அவ்வாண்டு டிசம்பரிலேயே எழுதினார். எழுத்து எழுத்தாகவே கிடந்தது. 1856-ம் ஆண்டில் கல்கத்தாவில் தோட்டா செய்யத் தொடங்கியபோது, எந்த விலங்கின் கொழுப்பு என்று வினவாமலே கொழுப்பு வாங்கப்பட்டது.

செய்தி வெளிவந்த விதம் யாது? 1857-ம் ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த தம்தம் என்னும் இடத்தில், ஆயுதச் சாலையில் உழைத்த கலாசி ஒருவன் பிராமணச் சிப்பாய் ஒருவனிடம் குடிக்க அவன் செம்பிலிருந்து தண்ணீர் கேட்டான். சாதி கெடும் என்று சிப்பாய் மறுத்தான். “பசுவும் பன்றியும் கலந்த கொழுப்பைக் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும்?” என்னும் பொருள்படக் கலாசி திருப்பிக் கேட்டான். அக்கேள்வி பாசறை பாசறையாகப் பரவியது. அரசாங்கம் அஞ்சி, தேன்மெழுகும் நெய்யும் கலந்து அவரவரே பூசிக்கொள்ளலாம் என்றது. அப்போது தாளின் பளபளப்பின்மேல் ஐயம் எழுந்தது. கல்கத்தாவின் இரசாயனப் பரிசோதகர் தாளை ஆய்ந்து கொழுப்பில்லை என்றார். சோதனை சரியே, நம்புவாரைத்தான் காணோம். ஏப்ரல் 24-ம் நாள் மீரத்தில் 90 குதிரை வீரரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவை புதியவை அல்ல, பழைய தோட்டாக்களே. மே 10-ம் நாள் எழுச்சி மூண்டது.

பசுவையும் பன்றியையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாகமெடுத்துத் தண்ணீர் கேட்டவனை யாரும் நினைப்பதில்லை. அவன் தாகம் தீர்ந்ததா என்று எந்த நூலும் எழுதவில்லை. அவ்வரிகளை முதன்முறை வாசித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் கல்கத்தாவில் இல்லை.

மாமாவின் வேலை பிழைத்தது. முனியாண்டி எண்ணெய்ப் போத்தல் அவ்வாரமே துப்பாக்கியை விட்டு நீங்கியது. பாட்டியாரும் ஆணிகளைக் கண்டபின் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு மூடநம்பிக்கை பத்தே நாளில், ஆறு ஆணிகளால் வீழ்ந்தது. அந்தப் பத்து நாளும் பிட்டர் வேலை முடிந்து வந்து ஆணிகளைப் பார்வையிடுவார். வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர் கேட்பார். எங்கள் வீட்டில் பித்தளைச் செம்பு மூன்று இருந்தன. அவருக்கென்று ஒரு சிரட்டை இருந்தது. ஆணிகள் தொங்கிய அதே இறவாரத்தில், ஏழாவதாக, ஒரு கம்பிக் கொக்கியில் தொங்கியது. அவர் அதைக் கையில் ஏந்த, நாம் செம்பிலிருந்து உயர்த்தி ஊற்றுவோம். செம்பு சிரட்டையில் படலாகாது என்று எமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாமும் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றக் கற்றிருந்தோம்.

பத்தாம் நாள் மாமா மகிழ்ச்சியில் அவருக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார். அவர் வாங்கவில்லை. தண்ணீர் கேட்டார். நாம் ஊற்றினோம். குடித்தபின் வழக்கம்போலச் சிரட்டையைத் தாமே கழுவி, ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த அதே நிதானத்தோடு அதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, கொக்கியில் மாட்டிச் சென்றார்.