வீடு வாங்க வந்த மைத்துனர்

ஸ்காபரோவில் வாழும் என் மைத்துனர் சென்ற ஆண்டு கொழும்புக்கு வந்திருந்தார். நான்கு குடும்பங்களை வாடகைக்கு இருத்தக்கூடிய ஒரு கட்டடத்தை வாங்குவது அவரது எண்ணம். “அத்தான், எந்த இடத்தில் வாங்கினால் நல்லது?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக வாடகை வீட்டில் வாழ்பவனிடம் கேட்கத்தக்க கேள்விதான்.

முதலில் சட்டம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் கொண்டவர் இங்கே நிலம் வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அத்தடை இல்லை. மைத்துனரிடம் அது இருந்தது.

தரகர் வெள்ளவத்தையில் ஒன்றும் தெகிவளையில் ஒன்றுமாக இரண்டு கட்டடங்களைக் காட்டினார். தெகிவளையில் விலை குறைவு, கட்டடமும் புதிது. போடும் பணத்துக்கு வரும் வாடகையை மட்டும் பார்த்தால் அதுவே இலாபம். ஆனால் காலி வீதியை அடைய முச்சக்கரவண்டி பிடிக்கவேண்டும். வெள்ளவத்தைக் கட்டடத்திலிருந்து புகையிரத நிலையம், சந்தை, சைவ மங்கையர் வித்தியாலயம் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். பிள்ளையின் பள்ளிக்கூடம் அருகில் இருந்தால் ஒரு குடும்பம் எளிதில் வீடு மாறாது. வீடு வெறுமையாகக் கிடக்கும் மாதங்களைத் தரகரின் கணக்கு சேர்ப்பதில்லை.

ஆனால் அங்கே ஏற்கனவே நான்கு குடும்பங்கள் இருந்தன. “இவர்களை எழுப்பிவிட்டால் வாடகையை இரட்டிப்பாக்கலாம்” என்றார் தரகர்.

எனக்கு 2007 ஜூன் 7 நினைவுக்கு வந்தது. அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 300 பேருக்கும் அதிகமானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அந்த நாட்களில் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட பொலிஸ் பதிவுப் பத்திரமே எங்களுக்குக் காவல். எங்கள் வீட்டுக்கார அம்மா சிங்களவர். ஒரு தடவையேனும் கையெழுத்திட மறுக்கவில்லை. அதைக் காட்டி வாடகையைக் கூட்டவும் இல்லை.

இதை மைத்துனரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் தனியே சென்று அந்த நான்கு கதவுகளையும் தட்டினார். பதினாறு ஆண்டுகளாக இருக்கும் ஒரு குடும்பம், ஒழுகும் கூரையை அவருக்குக் காட்டியது.

வெள்ளவத்தைக்கே உறுதி எழுதினார். கூரை திருத்தப்பட்டது. வாடகை சற்றுக் கூடியது. நான்கு குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன.